படிக்காம என்ன படிக்கிறே?

"படிக்காம அங்கே என்னடி பண்றே?"

"படிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"என்ன படிக்கிறே?"

"கதைப் புஸ்தகம்."

"அப்ப படிக்கலைன்னு சொல்லு!"

இந்த வசனம் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்!

நம் தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. 'படிக்கிற பிள்ளை' என்றால் புத்தகம் வாசிக்கிற பிள்ளை என்று அர்த்தமில்லை. மார்க் வாங்குகிற பிள்ளை. ஒரு பையன் வாரத்துக்கு நாலு நாவலை முடித்துப் போட்டாலும், 'படிக்கவே மாட்டேங்கிறான் சார்' என்றுதான் அவன் அப்பா ஸ்கூலுக்கு வந்து புலம்புவார். ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேலை வாங்கினால் இப்படித்தான்.

அதனாலேயே நம் ஊரில் கதை படிப்பது பொழுதுபோக்காக வளராமல், கடத்தல் தொழிலாக வளர்ந்தது. கடத்தலுக்கு வாகனம் வேண்டாமா? இருக்கவே இருந்தது அட்லஸ்! ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது என்று அது எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததோ இல்லையோ, அதன் அகலத்துக்கு உள்ளே ஒரு முத்து காமிக்ஸ் கால் நீட்டிப் படுத்தால் வெளியே நூல்கூடத் தெரியாது. 1972-ல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி' புறப்பட்டு வந்தார். மின்சாரம் பாய்ந்தால்தான் மாயாவி மறைவார். எங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. வாத்தியாரின் பார்வை பாய்ந்தாலே அவரை மறைத்துவிடுவோம்!

1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன. கொஞ்சம் மீசை அரும்பியதும் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா... மாதாமாதம் பஸ் ஸ்டாண்ட் கடையில் க்ளிப் போட்டுத் தொங்குவார்கள். சுஜாதாவின் கணேஷ்-வஸந்த் வேறு. பிடிபட்டால் புத்தகம் பறிமுதல். பறிமுதலான நாவல் ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் கை மாறும். கொலைகாரன் யார் என்று பையனுக்கு முன்னால் பி.டி. மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். அவர் மைதானத்தில் போகிறபோக்கில், "டேய், டாக்டர்தான்டா கொலைகாரன்" என்று சொல்லிவிட்டுப் போவார் பாருங்கள்... பிரம்படி எவ்வளவோ தேவலை.

சரி, அதெல்லாம் அந்தக் காலம். இன்றைக்கு எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் பாடத்தைத் தவிர ஏதாவது படிக்கிறார்களா? 'எங்கே சார், எல்லாம் செல்போன்!' என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். போய்ப் பார்த்தேன்.

போன தை மாதம் டெல்டா பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருக்கிறார் என் ஒன்றுவிட்ட அக்காவின் வீட்டுக்காரர். ஊர், பேர் வேண்டாம். மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நல்ல மனுஷர். திங்கட்கிழமை ஹெச்.எம்.மிடம் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

'நூலகம்' என்று போர்டு போட்ட அறை. உள்ளே கால் உடைந்த பெஞ்சுகள், காற்று இறங்கிய வாலிபால்கள், ஆண்டு விழாவுக்குப் போட்ட கட்டபொம்மனின் அட்டைக் கிரீடம். இவற்றுக்கெல்லாம் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட மூன்று பீரோக்கள். மூன்றிலும் பூட்டு. மியூசியத்தில் பஞ்சலோக விக்கிரகம் பார்க்கிற மாதிரி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். மு.வ., நா.பார்த்தசாரதி, அழ.வள்ளியப்பா... 'பொன்னியின் செல்வன்' ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து.

"மூணாவது பாகம் எங்கே அத்தான்?"

"அதுக்காகத்தான் மாப்ளே இந்தப் பூட்டே!" என்றார்.

கதை இதுதான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் மூன்றாம் பாகத்தை வாங்கிக்கொண்டு போனான். டி.சி. வாங்கிக்கொண்டு திருப்பூர் பக்கம் போய்விட்டான், புத்தகத்தோடு. ஸ்டாக் சரிபார்த்தபோது கணக்கு இடித்தது. அத்தான் கையிலிருந்து காசு கட்டினார். அந்த வருஷம் அது மட்டுமா... மொத்தம் பதினோரு புத்தகம்.

"நான் என்ன புஸ்தகத்துக்கு விரோதியா? இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட். சார்ஜ் ஒப்படைக்கும்போது ரிஜிஸ்தர்ல இருக்கற அத்தனையும் பீரோவுல இருக்கணும். இல்லேன்னா பென்ஷன் பேப்பர் நகராது. படிக்கக் கொடுத்து நல்ல பேர் வாங்கறதைவிட, கொடுக்காம நிம்மதியா வீட்டுக்குப் போறது மேல் இல்லையா?"

என்ன பதில் சொல்வது? அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நூலகத்தைப் பார்த்துக்கொள்வதற்காக அவருக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது, அலவன்ஸ் கிடையாது. புத்தகம் தொலைந்தால் மட்டும் அது அவருடைய நூலகம்!

டைம்டேபிளில் வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பி.டி., ஓவியம், லைப்ரரி மூன்றும் கணக்கு வாத்தியாருக்குப் புறம்போக்கு நிலம் மாதிரி. எப்போது வேண்டுமானாலும் வேலி போட்டுக்கொள்வார்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனோம். "கதை படிக்க யார் யாருக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன். ஒரு கை பாக்கியில்லாமல் அத்தனையும் உயர்ந்தது. உயராமல் என்ன செய்யும்? பக்கத்தில் தமிழய்யா நிற்கிறாரே! அவரை டீ சாப்பிட அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். பாதிக்கு மேல் கை இறங்கிவிட்டது. சரி, இனிமேல்தான் பேட்டி!

"படிக்கறது பிடிக்கும் சார். படிச்சதுக்கப்புறம்தான் பிடிக்காது" என்றான் முதல் பெஞ்ச் பையன்.

"அப்படின்னா?"

"படிச்சதும் எழுதச் சொல்வாங்க சார். கதையைச் சுருக்கி எழுது, உனக்குப் பிடிச்ச பாத்திரம் எது, இதுலேருந்து நீ என்ன தெரிஞ்சுக்கிட்டே... அதுக்குப் படிக்காமயே இருந்துடலாம்."

வகுப்பே 'ஆமா சார்' போட்டது. எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளே சுருக்கென்றது. நம் பாடப் புத்தகத்தில் 'விரிவானம்' என்று ஒரு பகுதி உண்டு. நல்ல நல்ல கதையெல்லாம் அதில் போடுகிறார்கள். ஆனால் கதை முடிந்த மறு நிமிஷமே கேள்வி வந்து நிற்கும். இதே நியாயத்தைப் பெரியவர்களுக்கும் வைத்துப் பாருங்கள்... நீங்கள் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போகிறீர்கள். வெளியே வரும்போது வாசலில் தியேட்டர் மேனேஜர் கேள்வித்தாளோடு நிற்கிறார். 'வில்லனின் பண்புநலன்களை விளக்குக. 8 மதிப்பெண்.' அடுத்த வாரம் அந்தத் தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுப்பீர்களா?

கடைசி பெஞ்சில் ஒருவன். 'இவனுக்குப் படிப்பே வராது' என்று அத்தான் எனக்கு முன்கூட்டியே அடையாளம் சொல்லியிருந்த ஆசாமி. என்ன படிக்கிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று தலையாட்டினான். பக்கத்துப் பையன்தான் போட்டுக் கொடுத்தான். "சார், இவன் 'ஒன் பீஸ்' படிக்கறான் சார்!" அண்ணனின் போனில், ஜப்பான்காரர்களின் மாங்கா படக்கதை. 1997-ல் ஆரம்பித்து நூறு பாகத்தையும் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதுவும் தமிழில் இல்லை, இங்கிலீஷில்! "இங்கிலீஷ் புரியுதா?" என்றேன். "புரியலைன்னா மறுபடி படிப்பேன் சார்." இங்கிலீஷ் பரீட்சையில் பையனுக்கு எத்தனை மார்க் என்று நான் கேட்கவில்லை. சிலர் பிரதிலிபி ஆப்பில் தொடர்கதை படிக்கிறார்கள், நைஸாக, அம்மா தூங்கினதும். அட்லஸ் போய் போர்வை வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது நம் ஊர்த் தலைவலி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் வருஷா வருஷம் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். 2025-ல் 8 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளில், ஓய்வு நேரத்தில் படிப்பது பிடிக்கும் என்று சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. இருபது வருஷத்தில் இதுதான் ஆகக் குறைவாம்.

மணி அடித்தது. எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெண் மட்டும் நின்றது. எண்ணெய் வைத்து இரட்டைச் சடை, கையில் ஜியாமெட்ரி பாக்ஸ்.

"சார், மூணாவது பாகம் உங்ககிட்ட இருக்குமா?"

"எந்த மூணாவது பாகம்?"

"பொன்னியின் செல்வன் சார். ஐயா எனக்கு மட்டும் பீரோவைத் திறந்து ரெண்டு பாகம் குடுத்தாங்க. ரெண்டாவது கடல் புயலோட நிக்குது. மூணாவது இல்லாம நாலாவது படிக்க மனசு வரலை."

"படம்தான் வந்துடுச்சேம்மா. 2022-ல ஒண்ணு, 2023-ல ஒண்ணு..."

"ஐயோ, சொல்லாதீங்க சார்!" என்று நிஜமாகவே காதைப் பொத்திக்கொண்டது. வீட்டு டி.வி.யில் படம் போட்டபோது வாசலில் போய் உட்கார்ந்திருந்ததாம், கதை தெரிந்துவிடக்கூடாது என்று. 1950-ல் கல்கி ஆரம்பித்து 1954-ல் முடித்த தொடர்கதை. அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று அன்றைக்குத் தமிழ்நாடு தவித்த தவிப்பு, இத்தனை வருஷம் கழித்து இங்கே ஒரு ஜியாமெட்ரி பாக்ஸோடு நிற்கிறது!

"ஏம்மா இவ்வளவு அவசரம்? மெதுவாப் படியேன்."

"இல்ல சார். ஜூன்ல டென்த் வந்துடும். அப்புறம் கதைப் புஸ்தகத்தைத் தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதுக்குள்ள மூணும் முடிக்கணும்."

இந்தப் பத்தாம் வகுப்பு இருக்கிறதே... அது வகுப்பு இல்லை, எல்லைச்சாமி! அதைத் தாண்டி எந்தக் கதையும் உள்ளே வரக் கூடாது. அம்மாவை மட்டும் குற்றம் சொல்லுவானேன்? பள்ளிக் கல்வித் துறை 2022-ல் பிள்ளைகளுக்கென்றே பத்திரிகைகள் ஆரம்பித்தது. நல்ல காரியம். நாலு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்'. ஆறிலிருந்து ஒன்பது வரை 'தேன்சிட்டு'. பத்தாவதுக்கு? பத்தாவது வந்ததும் தேன்சிட்டு பறந்துவிடும்! பிறகு வாசிப்பு இயக்கம் என்று குட்டிக் குட்டிப் புத்தகங்களாக 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று படிப்படியாகப் போட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பெயர்கள் இவை. சிறகு முளைத்துப் பறக்கிற வயசில்தான் நாம் கூண்டைச் சாத்துகிறோம் என்பது வேறு விஷயம்.

மார்க் போய்விடுமே என்று பயப்படுகிற பெற்றோருக்கு ஒரு சேதி. பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 'பீசா' என்று ஒரு பரீட்சை வைக்கிறார்கள். (சாப்பிடுகிற பீட்ஸா இல்லை!) 2009-ல் நடந்த பரீட்சையை அலசிவிட்டு ஒன்று சொன்னார்கள். தினமும் தன் சந்தோஷத்துக்காக எதையாவது படிக்கிற பிள்ளைகள், அப்படிப் படிக்காத பிள்ளைகளைவிட சராசரியாக ஒன்றரை வருஷப் பள்ளிப் படிப்பு அளவுக்கு முன்னால் இருக்கிறார்களாம். அந்தச் சுற்றில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் எழுதினார்கள். கலந்துகொண்ட 74 இடங்களில் நமக்குக் கிடைத்தது கடைசி வரிசை. அதற்காகக் கதைப் புத்தகத்தை மார்க்குக்கு டானிக்காகக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். டானிக் என்று சொன்னால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

ஜப்பானில் ஒருவர் இதை வேறு மாதிரி செய்தார். சிபா மாகாணத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ஹயாஷி ஹிரோஷி என்று ஒரு வாத்தியார். 1988-ல் தினமும் காலையில் பாடம் ஆரம்பிக்குமுன் 10 நிமிஷம் படிக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தார். சட்டதிட்டம் நாலே நாலு. எல்லோரும் படிக்கணும், வாத்தியார் உட்பட. தினமும் படிக்கணும். அவரவருக்குப் பிடித்ததைப் படிக்கணும். படித்தால் மட்டும் போதும். அதாவது கட்டுரை கிடையாது, கேள்வி கிடையாது, மார்க் கிடையாது. அப்படியே ஜப்பான் முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிவிட்டது. எனக்கு அந்த முதல் விதிதான் ரொம்பப் பிடித்தது. வாத்தியாரும் உட்கார்ந்து படித்தாக வேண்டும். நோட்டுத் திருத்தக் கூடாது!

அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? சீர்காழியில் பிறந்து சென்னைப் பிரசிடென்ஸி காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924-ல் அவரைப் பிடித்துச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக உட்கார வைத்தார்கள். ஈ ஓட்ட வேண்டியிருந்ததால் மறுபடி கணக்குப் பாடத்துக்கே போய்விடுகிறேன் என்று மனுஷர் துடித்தார். அதே ஆள்தான் 1931-ல், உலகத்து நூலகர்கள் எல்லோரும் பாடமாகப் படிக்கிற ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதியே, புத்தகம் இருப்பது எடுத்துப் பயன்படுத்தத்தான் என்பது. அதே 1931-ல், இதே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மாடு இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கக் கொடுத்த சீமையில், பீரோவுக்குப் பூட்டு!

சாயங்காலம் அத்தானையும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு டவுன் கிளை நூலகத்துக்குப் போனேன். "அத்தான், வீட்டு வரி கட்டறீங்கள்ல? அதுல ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948-லயே சட்டம் போட்டுட்டாங்க. இது உங்க காசுல நடக்கற கடை. தைரியமா உள்ளே வாங்க" என்றேன். ஜாமீன் கையெழுத்து அவரே போட்டார். ஷெல்ஃபில் மூன்றாம் பாகம் 'கொலைவாள்' இருந்தது. பைண்டிங் பிரிந்து, சணல் கட்டி. அந்தப் பெண் வாங்கியதும் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தது. கிழிந்திருக்கிறதா என்று சரிபார்த்ததாம்!

திரும்பும்போது பஸ்ஸில் அத்தானிடம் இன்னொரு சட்டமும் சொன்னேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. அதில் 215-வது விதி. நூலகத்தில் ஆயிரம் புத்தகம் வெளியே போய் வந்தால், அதில் ஐந்து தொலைவது சகஜம், மோசடியோ அலட்சியமோ இல்லாதபட்சத்தில் ஏற்றுக்கொள்ளலாம் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அபூர்வப் புத்தகம், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகம் என்றால்தான் கட்டாய விசாரணை.

"நிஜமாவா மாப்ளே?"

"டெல்லியே ஒப்புக்கிட்ட விஷயம் அத்தான். படிக்கக் கொடுத்தா தொலையும்!"

"அது சென்ட்ரல் கவர்ன்மென்டு. நம்ம ஸ்கூலுக்குச் செல்லாதே."

"செல்லாது. ஹெச்.எம்.கிட்டே எடுத்துக் காட்டிப் பேசிப் பார்க்கலாமில்ல?"

அத்தான் பதில் பேசவில்லை. ஜன்னல் வழியாக வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "அந்த விதி நம்பர் என்ன சொன்னே?" என்று மட்டும் கேட்டுக் கையில் குறித்துக்கொண்டார்.

ஜூன் கடைசியில் போன் வந்தது. ஹெச்.எம். வாய்மொழியாகச் சரி என்றாராம், எழுத்தில் தரவில்லையாம். ("எந்த ஹெச்.எம். தருவார்?") அத்தான் துணிந்து ஒரு பீரோவை மட்டும் ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். பிள்ளைகளே ரிஜிஸ்தர் எழுதுகிறார்கள். இதுவரை மூன்று புத்தகம் காணோம். கடைசி பெஞ்ச் ஆசாமி எங்கிருந்தோ பழைய லயன் காமிக்ஸ் நாலு கொண்டுவந்து பீரோவில் சொருகியிருக்கிறான். "இதை ஸ்டாக்ல ஏத்தறதா வேண்டாமான்னு ஒரே குழப்பம் மாப்ளே!"

"அது கிடக்கட்டும். அந்தப் பொண்ணு மூணு பாகமும் முடிச்சுதா?"

"எங்கே... அஞ்சாவது பாகம் பாதியில இருக்கறப்ப டென்த் ஸ்பெஷல் க்ளாஸ் ஆரம்பிச்சுட்டாங்க. மறுநாளே அவங்கம்மா புஸ்தகத்தைக் குடுத்தனுப்பிட்டாங்க. பீரோவுல வெச்சிருக்கேன். நடுவுல குச்சி ஐஸ் குச்சி ஒண்ணு இருக்கு. அடையாளத்துக்கு வெச்சிருக்கா போல. நான் எடுக்கலை."

"ரிஜிஸ்தர்ல என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதலை மாப்ளே. அவ பேர்லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."